தோற்பதற்கென்றே ஒரு வேட்பாளர்

"நீங்க ஜெயிக்கணும்னு அவசியமே இல்ல மார்லிஸ். ஓட்டுச்சீட்டுல பேர் இருந்தாப் போதும்" என்றான் டிரெவர்.

மார்லிஸ் பிரெக்கே முழங்கை வரை சோப்பு நுரையோடு நின்றிருந்தாள். பள்ளிக்கூடச் சமையலறையில் மதியச் சாப்பாடு முடிந்து, ஹாட்டிஷ் என்கிற இறைச்சி, உருளைக்கிழங்குப் பதார்த்தம் அடிப்பிடித்த தட்டைச் சுரண்டிக்கொண்டிருந்த நேரம். டிரெவர், மாநிலத் தலைநகர் செயின்ட் பாலில் இருக்கும் கட்சித் தலைமை அலுவலகத்திலிருந்து நாலு மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு வந்திருந்தான். இடைக்காலத் தேர்தலுக்கு வியூகம் வகுக்கிறவன். முகத்தைப் பார்த்தால் வழியில் எங்கும் சாப்பிட்டிருப்பான் என்று தோன்றவில்லை.

மனுத்தாக்கல் ஐந்து மணிக்கு முடிகிறது. இப்போது மணி நாலு இருபது. நிற்பதாக ஒப்புக்கொண்டிருந்த இன்சூரன்ஸ் ஏஜெண்டின் வீட்டு வாசல் இந்தத் தொகுதியிலும் படுக்கையறை பக்கத்துத் தொகுதியிலும் இருப்பது அன்று காலையில்தான் தெரியவந்தது. மனிதன் எங்கே தூங்குகிறானோ அதுதான் அவன் வீடு என்று அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள்.

"நான் கட்சிக் கூட்டத்துக்குக் காபி போடறவ, டிரெவர்."

"அதனாலதான் உங்களை எல்லாருக்கும் பிடிக்குது."

அவன் ஒரு வரைபடத்தை மேசையில் விரித்து, அது சுருண்டுகொள்ளாமல் இருக்க இரண்டு மூலையிலும் கரண்டி வைத்தான்.

"பாருங்க. ஜனாதிபதி அவங்க கட்சி. பதவிக்கு வந்து ரெண்டு வருஷம் ஆச்சு, ஜனங்க கடுப்புல இருக்காங்க. இன்னும் ஒரே ஒரு இடம் கிடைச்சா மாநில அவை நம்ம கையில. அந்த இடம் இதோ, பக்கத்துத் தொகுதி. உங்க தொகுதியில கோர்டன் ஹால்வர்சன் பதினெட்டு வருஷமா அசையல. எதிர்ல யாருமே நிக்கலேன்னா அவர் தன் ஆளுங்களைக் கூட்டிக்கிட்டு பக்கத்துத் தொகுதிக்கு வேலை பாக்கப் போயிடுவார். யாராவது நின்னா வீட்டை விட்டு நகர மாட்டார்."

"அப்ப நான் வயல்ல நிக்கற வைக்கோல் பொம்மை."

"வியூகத்துல அதுக்கு வேற பேர் வெச்சிருக்கோம்."

"தப்பித் தவறி ஜெயிச்சுட்டேன்னா?"

டிரெவர் சிரித்தான். நன்றாகவே சிரித்தான், கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அந்தச் சிரிப்பு மார்லிஸுக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. ஆனால் அதே சிரிப்புதான் தைரியத்தையும் கொடுத்தது. ஜெயித்தால் ஜனவரியிலிருந்து மே வரை தலைநகரில் கிடக்க வேண்டும். இங்கே நூற்று நாற்பது பிள்ளைகள். யாருக்கு நிலக்கடலை ஆகாது, யாருடைய வயிற்றுவலி நிஜம், யாருடையது கணக்குப் பரீட்சை என்று இருபத்திரண்டு வருடமாக அவளுக்குத்தான் தெரியும். அதை எந்தச் சட்டசபைக்காகவும் விட்டுக்கொடுக்க அவள் தயாராக இல்லை.

நாலு ஐம்பத்திரண்டுக்குக் கையெழுத்துப் போட்டாள். மனுவின் ஓரத்தில் கொஞ்சம் சோப்பு நுரை ஒட்டியிருந்தது.

முதல் வாரம் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவது வாரம் லோயிஸ் வந்தாள். ஊர் வாரப் பத்திரிகைக்கு ஆசிரியர், நிருபர், புகைப்படக்காரர் எல்லாம் அவளே.

"காற்றாலை பத்தி உங்க நிலைப்பாடு என்ன மார்லிஸ்?"

"தெரியாது."

"சோயா விலை?"

"அதுவும் தெரியாது."

"நெடுஞ்சாலை?"

"குழி இருக்கு. யார் மூடணும்னு தெரியாது."

இதோடு தொல்லை விட்டது என்று நினைத்து மார்லிஸ் நிம்மதியாக இருந்தாள். வியாழக்கிழமை பத்திரிகை வந்தது. முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில், "தெரியாததைத் தெரியாது என்று சொன்ன முதல் வேட்பாளர்." பெட்ரோல் பங்க்கில் ஒரு விவசாயி தொப்பியைக் கழற்றிவிட்டு அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"நாப்பது வருஷமா ஓட்டுப் போடறேன். ஒருத்தனும் இப்படி ஒத்துக்கிட்டதில்ல."

அன்று சாயங்காலமே டிரெவர் போனில் வந்தான். "என்ன பண்றீங்க அங்க?"

"ஒண்ணும் பண்ணல."

"அதை இன்னும் கொஞ்சம் கம்மியா பண்ணுங்க."

ஆகஸ்டில் மாவட்டப் பொருட்காட்சி. பன்றிக் கொட்டகைக்குப் பக்கத்துப் பந்தலில் வேட்பாளர்கள் விவாதம். போகாமல் இருந்துவிடலாம் என்றான் டிரெவர். மார்லிஸுக்கு வேறு யோசனை. "போய் மேடையில நல்லா மானத்தை வாங்கிக்கிட்டு வர்றேன். ஒரே நாள்ல கதை முடிஞ்சிடும்."

அங்கே போனால் கோர்டன் ஹால்வர்சனின் நாற்காலி காலியாக இருந்தது. அவருடைய கடிதத்தை நடுவர் படித்தார். "ஏரியில் மீன் நன்றாகக் கடிக்கிறது. என் சார்பிலும் மார்லிஸே பேசிவிடட்டும்."

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு. "பதினெட்டு வருஷத் திமிரு" என்று யாரோ சொன்னது மேடை வரை கேட்டது.

மார்லிஸ் எழுந்தாள். "கோர்டன் நல்ல மனுஷன். ஆத்துப் பாலம் அவர் கட்டினதுதான். அவருக்கே ஓட்டுப் போடுங்க. எனக்குச் சட்டம் தெரியாது. நூத்தி நாப்பது பேருக்குச் சோறு போட மட்டும்தான் தெரியும்."

உட்காரப் போனவளைப் பின்வரிசைக் குரல் ஒன்று நிறுத்தியது. "சோறு பத்தலேன்னா என்ன பண்ணுவீங்க?"

இது அவளுக்குத் தெரிந்த கேள்வி. யோசிக்காமல் பதில் வந்துவிட்டது. "எல்லார் தட்டுலயும் ஒரு கரண்டி குறைப்பேன். முதல்ல வாத்தியார் தட்டுல."

பந்தலில் கிளம்பிய கைதட்டலில் பக்கத்துக் கொட்டகைப் பன்றிகள் மிரண்டு கத்தின. மாநிலத்து வரவு செலவுக்கு இதைவிடத் தெளிவான யோசனையை யாரும் சொன்னதில்லை என்று லோயிஸ் எழுதினாள். பத்து நாளில் ஊர் முழுக்க வீட்டு முன்புல்வெளிகளில் பலகைகள் முளைத்தன: "முதலில் வாத்தியார் தட்டு! மார்லிஸ் பிரெக்கே." அச்சடித்தவர் தலைமையாசிரியரின் மைத்துனர்.

மார்லிஸின் கணவன் டுவேன் தானியக் கிடங்கில் வேலை பார்ப்பவன். ஒரு நாளைக்கு இருபது வார்த்தைக்கு மேல் பேசமாட்டான். அன்று ராத்திரிச் சாப்பாட்டில் அந்த இருபதையும் செலவழித்தான்.

"இந்த ஊர்ல நாப்பது வயசுக்குக் கீழ இருக்கறவங்கள்ல முக்கால்வாசிப் பேர் உன் கையால சாப்பிட்டவங்க. அவங்களுக்கெல்லாம் ஓட்டு இருக்கு. யோசிச்சியா?"

மார்லிஸின் முள்கரண்டி பாதி வழியில் நின்றது. இருபத்திரண்டு வருடத்துப் பிள்ளைகள் வளர்ந்துவிடுவார்கள் என்பதை அவள் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை.

"அந்தப் பலகையெல்லாம் பிடுங்கணும் டுவேன்."

"யாரோட பலகையை?"

"என்னோடதை."

ஞாயிற்றுக்கிழமை ஊரே சர்ச்சில் இருக்கும் நேரத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். டுவேன் பிக்கப் வண்டியை ஓட்ட, மார்லிஸ் ஒவ்வொரு புல்வெளியாக இறங்கித் தன் பெயரைத் தானே பிடுங்கினாள். அறுபத்து மூன்று பலகைகள். பன்னிரண்டு மணிக்கு டிவியில் வைக்கிங்ஸ் அணியின் ஃபுட்பால் ஆட்டம் இருந்ததால் பாதிரியார் பிரசங்கத்தைப் பாதியில் முடித்துவிட்டார். தெருக்கோடியில் கார்கள் தெரிந்ததும் டுவேன் தார்ப்பாயை இழுத்து மூடினான். எதிரே வந்தவர்கள் அவர்களுக்குக் கையசைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். புல்வெளி மொட்டையாக இருந்தது.

ஷெரீஃப் விசாரணை ஆரம்பித்தார். லோயிஸ் நேராகக் கோர்டன் ஹால்வர்சன் வீட்டுக்குப் போய், பலகைகளைத் திருடியது உங்கள் ஆட்களா என்று கேட்டாள். "நாங்க பண்ணலேன்னு என்னால உறுதியாச் சொல்ல முடியாது" என்றார் அவர்.

ஊர் கொதித்துப்போனது. ஒரு சமையல்காரப் பெண்ணின் பலகையைப் பிடுங்கிவிட்டு அதை ஒத்துக்கொள்ளவும் என்ன நெஞ்சழுத்தம்! அறுபத்து மூன்று பலகை இருந்த இடத்தில் முந்நூறு வந்தன. சில வீடுகளில் விளக்குப் போட்டு வைத்தார்கள்.

மார்லிஸால் இதைத் தாங்க முடியவில்லை. தன்னால் ஒரு நல்ல மனிதர் பெயர் கெடுகிறதே! லோயிஸின் அலுவலகத்துக்கு டுவேனையும் இழுத்துக்கொண்டு போனாள்.

"லோயிஸ், கோர்டன் எடுக்கல. நான்தான் பிடுங்கினேன்."

லோயிஸ் கண்ணாடியைக் கழற்றினாள். அவள் கண் கலங்கியிருந்தது. "அவர் பேரைக் காப்பாத்த நீங்க பழியை ஏத்துக்கறீங்களா?"

"ஐயோ, நிஜமாவே நான்தான்! ஆதாரம் இருக்கு. டுவேன், காட்டு."

டுவேன் வெளியே போய்த் தார்ப்பாயை விலக்கினான். அறுபத்து மூன்று பலகைகள், ஒன்றன்மேல் ஒன்றாக ஒழுங்காக.

"அடக் கடவுளே!" லோயிஸ் கையால் வாயைப் பொத்தினாள். "ஷெரீஃபாலேயே முடியல. நீங்க ரெண்டு பேரும் தேடிக் கண்டுபிடிச்சுட்டீங்களே!"

அந்த வாரப் பத்திரிகையை மார்லிஸ் பிரித்துப் பார்க்கவில்லை.

அக்டோபர் நடுவில் டிரெவர் மறுபடியும் நேரில் வந்தான். சமையலறை ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தான்.

"கருத்துக்கணிப்பு வந்திருக்கு. ரெண்டு சதவீதம் முன்னாடி இருக்கீங்க."

"யாரை விட?"

"கோர்டனை விட."

"நீ சிரிச்சியே, டிரெவர்! இங்கதானே நின்னுக்கிட்டுச் சிரிச்சே!"

"தலைமையில வியூகத்தை மாத்திட்டாங்க. பக்கத்துத் தொகுதியில இருந்த நம்ம ஆளுங்க எல்லாரும் நாளைக்கு இங்க வர்றாங்க. இனிமே அந்தத் தொகுதிதான் வைக்கோல் பொம்மை."

"அங்க நிக்கறவனுக்குச் சொல்லிட்டீங்களா?"

டிரெவர் மீதியிருந்த ஹாட்டிஷைப் பார்த்தான். மார்லிஸ் ஒரு தட்டில் போட்டுக் கொடுத்தாள். எவ்வளவு கோபமாக இருந்தாலும் பசித்தவனைச் சும்மா அனுப்ப அவளுக்குத் தெரியாது.

அடுத்த இரண்டு வாரமும் அவள் வேலை முடிந்ததும் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டினாள். "கோர்டனுக்குப் போடுங்க" என்று கெஞ்சினாள். "உங்களை மாதிரி யாரும்மா கேப்பாங்க!" என்று அவளைக் கட்டிப்பிடித்து உள்ளே அழைத்துக் காபி கொடுத்தார்கள். ஒரே ஒரு ஆறுதல் இருந்தது. கோர்டனும் கடைசியில் ஒரு துண்டுப் பிரசுரம் அடித்து விட்டிருந்தார். அதில் இரண்டே வரி: "போன தடவை நாலு காரியம் செய்வதாகச் சொன்னேன். ஒன்றரைதான் செய்தேன்."

'அப்பாடா, மனுஷன் முழிச்சுக்கிட்டார்! உண்மை பேசினா ஓட்டு விழும்னு புரிஞ்சிக்கிட்டார்' என்று மார்லிஸ் அன்றைக்கு நன்றாகத் தூங்கினாள்.

நவம்பர் செவ்வாய்க்கிழமை, தீயணைப்பு நிலையத்தில் வாக்குப்பதிவு. மார்லிஸ் கோர்டன் ஹால்வர்சன் பெயருக்கு எதிரே இருந்த வட்டத்தை இரண்டு தடவை அழுத்திக் கறுப்பாக்கினாள். வெளியே வந்ததும் கேட்டாள்.

"நீ யாருக்குப் போட்டே?"

"ஓட்டு ரகசியம்" என்றான் டுவேன்.

இருநூற்றுப் பதினோரு ஓட்டு வித்தியாசத்தில் மார்லிஸ் ஜெயித்தாள். பக்கத்துத் தொகுதியில் கட்சி தோற்றது. ஆனாலும் மார்லிஸின் ஒரு இடத்தால் மாநில அவை கட்சியின் கைக்கு வந்துவிட்டது. காலைச் செய்தியில் டிரெவர் புது டை கட்டிக்கொண்டு, "ஆரம்பத்திலிருந்தே இதுதான் எங்கள் வியூகம்" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

மார்லிஸ் வழக்கம்போல் ஆறு மணிக்கே சமையலறைக்கு வந்து, மக்ரோனிக்கு உலை வைத்துவிட்டு, அதன் ஆவியில் யாருக்கும் தெரியாமல் கொஞ்சம் அழுதாள். ஜனவரிக்குள் புதுச் சமையல்காரி ஒருத்தியைப் பிடிக்க வேண்டும். எந்தப் பிள்ளைக்கு என்ன ஆகாது என்று ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தாள். நாலாவது பக்கத்தில், சட்டசபையில் பள்ளிச் சாப்பாட்டைப் பற்றி முடிவு செய்கிற குழு எது என்று விசாரிக்க வேண்டும் என்று ஓரமாகக் குறித்துக்கொண்டாள். குறித்ததைப் பார்த்து அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

கதவு தட்டும் சத்தம் கேட்டது. பெவர்லி ஹால்வர்சன், கோர்டனின் மனைவி. கையில் துணி போட்டு மூடிய கேக் தட்டு. மூக்கும் கண்ணும் சிவந்திருந்தன. தட்டை மேசையில் வைத்துவிட்டு, மார்லிஸை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது.

மார்லிஸ் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். "பெவ், என்னை மன்னிச்சிடு. சத்தியமா நான் ஜெயிக்கணும்னு நினைக்கல. என் ஓட்டைக்கூட அவருக்குத்தான் போட்டேன். என்னென்னவோ பண்ணிப் பாத்தேன், எதுவும் நடக்கல. கோர்டன் முகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

பெவர்லி நிமிர்ந்து, சிரித்துச் சிரித்து வழிந்த கண்ணீரைக் கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டாள்.

"பதினெட்டு வருஷமா கட்சி விடாம நிறுத்தின ஒவ்வொரு தேர்தல்லயும் தோக்கறதுக்கு அந்த மனுஷன் படாத பாடு பட்டார் மார்லிஸ், அவரைத் தோக்க விட்ட முதல் ஆள் நீதான்!"