கொம்மாவின் காது வந்த வழி

வட்டக்கச்சி.

என் அன்பு மகள் கமலாசனிக்கும் மருமகனுக்கும் பேரனுக்கும், அப்பா சிற்றம்பலம் சொல்லச் சொல்ல, சங்கக்கடை நேசமலர் எழுதுவது. நாங்கள் இங்கே சுகம். உங்கள் சுகத்துக்காக நேற்றும் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்தேன். திகதி எனக்குத் தெரியாது. சண்டை ஓய்ந்து கண்டி வீதி திறந்த மறுவருசம், சிவத்தப் பசு இரட்டைக் கன்று ஈன்று, உன் நடராசா மாமாவின் பொய்ப்பல் கிணற்றுக்குள் விழுந்த மாசி மாதம் என்று வைத்துக்கொள்.

மகள், உன்னைப் பெற்ற கொம்மாவுக்கென்று நீ கொம்பியூட்டரில் வாங்கி அனுப்பிய காது மெசின் வந்து சேர்ந்தது. வந்த கதையைக் கேள். வட்டக்கச்சி என்று ஓர் ஊரே இல்லை என்று கொம்பியூட்டர் சொன்னபடியால் நீ வவுனியா விலாசம் கொடுத்தாய் அல்லவா? நான் காடு வெட்டி, வயலாக்கி, விதைத்து அறுக்கிற ஊர் இல்லையாம்! அது போகட்டும். பார்சல் சிங்கப்பூரில் படுத்து எழும்பி, கொழும்பில் மறுபடியும் படுத்துக்கொண்டது. படுத்ததற்கும் வாடகை கேட்டார்கள். பிறகு, காது கேளாதவர்தானா என்று விசாரிக்க வேண்டும், உரியவரே போனில் கதைக்க வேண்டும் என்றார்கள். காது கேளாத மனிசியைப் போனில் கூப்பிட்டு, உனக்குக் காது கேட்குமோ என்று கேட்கிற புத்திசாலிகள்! நானும் கொடுத்தேன். கொம்மா போனைப் பிடித்து, உன்னோடு கதைக்கிற மாதிரியே, "ஓம், ஓம், சுகம். சாப்பிட்டாச்சு. நீங்கள் சாப்பிட்டியளோ?" என்றா. காது நன்றாகத்தான் கேட்கிறது, இது மருந்துச் சாமான் இல்லை, ஆடம்பரச் சாமான் என்று அதற்கும் ஒரு வரி போட்டார்கள். காதின் விலையைவிடக் காது பயணம் செய்த செலவு கூட.

காது கொஞ்சம் மந்தம் என்று மட்டும்தான் உனக்குச் சொன்னேன், மகள்; முழுதையும் சொல்லவில்லை. நீ கனடா போன வருசம் ஷெல் விழுந்ததிலிருந்து அவாவுக்கு ஒன்றும் கேட்பதில்லை. போனில் நீ அழுதாலும் சிரித்தாலும் அவா சொன்னது அந்த ஒன்றுதான். பேரனின் குரலை ஒருநாளும் கேட்டதில்லை. நீ கவலைப்படக் கூடாது என்று மறைத்தோம். மெசின் வருவதையும் அவாவுக்குச் சொல்லவில்லை. காதில் மாட்டி உன் குரலைக் கேட்க வைத்துத் திகைக்கப் பண்ண நினைத்தேன்.

வவுனியாவில் பார்சலை எடுத்து வர நடராசாவை அனுப்பினேன். அதுதான் பிழை. சோதனைச்சாவடி தெரிந்ததும், அவன் பற்றரிகளை மட்டும் எடுத்து சொந்தக்காரருக்கென்று வாங்கி வந்த சவர்க்காரங்களில் ஒரு கட்டியைக் குடைந்து உள்ளே வைத்து ஒட்டிவிட்டான். ஆமிக்காரன் மெசினைப் பார்த்துவிட்டு, "ஐயா, இதுக்குப் பற்றரி எங்க?" என்று கேட்டிருக்கிறான். "பற்றரியோ? சத்தியமாய் இல்லை மாத்தயா! எங்கடை பரம்பரையிலேயே ஒருத்தரும் தொட்டதில்லை!" பாவம் கிழவனைக் கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று இரங்கி, அந்தப் பொடியன் தன்ரை ரோச்சுப் பற்றரி இரண்டைக் கழற்றிக் கொடுத்தானாம்! உன் மெசினுக்கு வேண்டியதோ பொத்தான் அளவு. அது கிளிநொச்சியில் ஒரு கடையிலும் இல்லை.

"டேய் மச்சான், சண்டைக் காலத்துப் பற்றரித் தடை எடுத்தாச்சடா! சந்தையிலை பற்றரி குவிச்சு விக்கிறாங்கள்!" என்றேன்.

"தெரியும் அத்தான். ஆமிச் சென்றியைக் கண்டவுடனை கை தன்ரைபாட்டிலை செய்து போட்டுது."

"சரி, எந்தக் கட்டி?"

"சோதிக்கிறவனுக்கே தெரியாமல் ஒட்டினனான். எனக்கு எப்பிடித் தெரியும்?"

அதற்குள் அவன் அந்தச் சவர்க்காரங்களைச் சொந்தக்காரர் வீடெல்லாம் கொடுத்து முடித்திருந்தான். நான் சைக்கிளில் வீடு வீடாகப் போய், "உங்கடை சவர்க்காரத்தை ஒருக்கால் காட்டுங்கோ" என்று கேட்டேன். பளையில் என் அண்ணர் மகள், "ஏன் சித்தப்பா, நாங்கள் குளிக்கிறேல்லை எண்டு ஆர் சொன்னது?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒரு வீட்டிலும் இல்லை.

ஆகையால் மகள், இனிமேல் கொம்பியூட்டரில் ஒரு ஊசிகூட வாங்காதே. நடராசாவோடு எனக்குக் கதை இல்லை. போனில் நீயும் அவனை நல்லாய் ஏசு. கொம்மாவுக்குக் கேளாததிலும் ஒரு நிம்மதி இருக்கிறது; குழம்பைப் பற்றிய என் அபிப்பிராயத்தைக் குசினி அடுப்படியில் நின்றே சொல்லலாம். நீங்கள் நோய் நொடி இல்லாமல், குளிருக்குக் கம்பளி போட்டு, நீடு வாழப் பிள்ளையார் துணை.

இப்படிக்கு,
உன் அப்பா சிற்றம்பலம்.

பிற்குறிப்பு: மேலே உள்ளதை எல்லாம் வெட்டச் சொன்னேன். நேசமலர் மாட்டாவாம். கடிதத்தை ஒட்ட முதல், சேர்ட்டில் பொத்தான் இல்லை என்று கொம்மாவுக்குக் கையால் காட்டினேன். அவா பொத்தான் போட்டு வைக்கிற தகரப் பேணியைக் கொட்டி, "இதென்னப்பா பொத்தான், சவர்க்காரத்துக்குள்ளை கிடந்தது, ஓட்டையே இல்லை!" என்றா. நடராசா எங்கள் வீட்டுக்குத் தந்த கட்டியேதான்! நாங்கள் ஊரெல்லாம் எதைத் தேடினோம் என்று அவாவுக்குக் கேட்டிருந்தால்தானே!

நேசமலர் மெசினை அவாவின் காதில் மாட்டிவிட்டு, எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினா. குசினியிலிருந்து சத்தம்: "குழம்புக்கு என்ன குறை?" இத்தனை வருசத்தில் என் கதைக்கு அவா சொன்ன முதல் மறுமொழி அது.

ஞாயிற்றுக்கிழமை போன் எடு, மகள். என்னோடு கதைக்க வேண்டாம். அவாவோடு கதை, பேரனையும் கதைக்க விடு. கொம்பியூட்டரில் இன்னும் கொஞ்சம் பற்றரி வாங்கி அனுப்பு; எத்தனை வரி என்றாலும் கட்டுவேன். நடராசாவை ஏசாதே. தடைக் காலத்தில் காட்டு வழியே பற்றரி கொண்டுவந்து இந்த ஊரை ரேடியோ கேட்க வைத்தது நாலு பேர். கந்தவனம் போய்விட்டான். தம்புவும் போய்விட்டான். பாலன் போன பாதையால் திரும்பி வரவேயில்லை. இப்போது உயிரோடு இருப்பது நடராசா.