பந்தி மாஸ்டர் திருப்பிக் கொடுத்த வெற்றி

உலகக் கால்பந்து சரித்திரத்தில், ஓர் ஆட்டத்தைக் கரண்டியால் ஜெயித்து, அந்த வெற்றியைத் தானே திருப்பிக் கொடுத்த ஒரே மனிதர் எங்கள் பந்தி மாஸ்டர்தான். யார் மறுத்தாலும் சண்டைக்கு வருவேன்.

சென்னைக் கால்பந்து கிளப் ஒன்று, தஞ்சாவூர்ப் பக்கம் வயல்களுக்கு நடுவே இளைஞர் அகாடமி நடத்தியது. அதன் விடுதிக்கு நான் மேலாளர். பாபநாசத்துக் கல்யாணங்களில் சமைத்தே தலை நரைத்த ஒருவரைச் சமையலுக்கு வைத்தோம்; அவர்தான் பந்தி மாஸ்டர். எல்லாரும் சாப்பிட்டு முடிக்காமல் எவனும் இலையை மூடக்கூடாது என்பது அவர் சட்டம். எங்கள் கோச்சே ஒருமுறை பாதியில் எழுந்து, அதட்டல் வாங்கி மறுபடி உட்கார்ந்தார்.

கிளப்பின் உணவு நிபுணர் அம்மா மாஸ்டரிடம் போனில் கேட்டார்: "ஒரு பையனுக்கு எவ்வளவு புரோட்டீன் கொடுக்கிறீங்க?"

"இலைக்கு மேல கையை வச்சு மறிக்கிற வரைக்கும்மா. மறிச்சப்புறம் இன்னொரு கரண்டி."

இந்த லட்சணத்தில் ஒருநாள் இடி விழுந்தது. செலவு கட்டுப்படியாகவில்லை, தன் சென்னை அகாடமிப் பையன்களை எங்கள் பையன்கள் ஜெயித்தால் தஞ்சாவூர் இருக்கும், இல்லாவிட்டால் மூடுவிழா என்றது கிளப்.

ஆட்டத்தன்று சென்னை அணி மதியமே வந்து இறங்கியது. விருந்தாளிக்கு முதல் பந்தி, வீட்டுக்காரர்களுக்குக் கடைசிப் பந்தி. மாஸ்டருக்கு வேறு முறை தெரியாது. எங்கள் பையன்கள் வாளி தூக்கிப் பரிமாற, அவர்கள் வடை, வத்தக்குழம்பு, பாயசம் என்று வெளுத்துக் கட்டினார்கள். எங்கள் பந்திக்கு நேரமில்லை. ஆளுக்கு ஒரு வாய் மோர்ச்சோற்றோடு மைதானத்துக்கு ஓடினோம்.

நாலுக்குப் பூஜ்யம் என்று ஜெயித்தோம். சென்னை கோல்கீப்பர் குனிந்து பந்தை எடுக்கவே யோசித்தான்.

"சாப்பாடு போட்டே சாய்ச்சுட்டீங்க!" என்று கத்தினார் அவர்கள் கோச். நாங்கள் காது கேட்காதவர்கள் போலக் குதித்து ஆடிக்கொண்டிருந்தோம். மாஸ்டர் முகம் மட்டும் கறுத்துவிட்டது. ஆட்டம் பார்க்க வந்திருந்த கிளப் அதிகாரியிடம் நேராகப் போனார்.

"ஐயா, இந்த ஜெயிப்பு வேணாங்க. நாளைக்குத் திரும்ப ஆடச் சொல்லுங்க. ரெண்டு பக்கமும் இட்லிதான் போடுவேன்."

"மாஸ்டர், கெடுத்துடாதீங்க! அகாடமியே போயிடும்!" என்று கையைப் பிடித்து இழுத்தேன்.

"நம்ம புள்ளைங்க ஜெயிப்பானுங்க சார். என் சோத்தால ஜெயிச்சானுங்கன்னு ஒருத்தன் சொல்லக்கூடாது."

அதிகாரியும் அதே பந்தியில் சாப்பிட்டவர். மறுக்கத் தெம்பில்லாமல் தலையாட்டினார்.

மறுநாள் ஆளுக்கு நாலு இட்லி. பிறந்ததிலிருந்து யாருக்கும் அளந்து வைக்காத கை, அன்று எண்ணி எண்ணி வைத்தது. ஆட்டம் முடியப் போகும்வரை கோல் இல்லை. கடைசியில் எங்கள் வேதாரண்யத்துப் பையன் ஒருவன் எகிறித் தலையால் முட்டினான். ஒன்றுக்குப் பூஜ்யம். அகாடமி பிழைத்தது. சென்னைக் கோச்சே வந்து எங்கள் பையன்களைக் கட்டிக்கொண்டார். எனக்கு நெஞ்சு கொள்ளாத பெருமை.

ஆட்டம் முடிந்து விருந்துக்கு இலை போட்டதும் வழக்கம்போல எங்கள் பையன்கள் வாளியைத் தூக்கினார்கள். மாஸ்டர் பிடுங்கிக்கொண்டார்.

"உக்காருங்கடா. இன்னைக்கு நீங்கதான் விருந்தாளி."

இப்போதும் எந்தக் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தாலும், நான் இலையைக் கையால் மறித்துப் பார்ப்பேன். பரிமாறுகிறவர்கள் மரியாதையாக நகர்ந்து போய்விடுகிறார்கள். அந்த இன்னொரு கரண்டியைப் போட அவர் ஒருவருக்குத்தான் உரிமை இருந்தது.