சிவப்புச் சட்டையோடு சர்க்கரை ஆலைக்குப் போனது

உலகளந்த பெருமானின் திருவடி காக்க. எங்கள் மாரியம்மையின் மஞ்சள் முகம் காக்க.

புரட்டாசி வளர்பிறைப் பஞ்சமி நன்னாள். வேதியியல் பட்டம் பெற்ற அடியேன், கற்ற கல்வி முழுவதையும் ஒரே பகலில் மறந்த நாளும் அதுவே.

மணலூர்பேட்டைப் பக்கம் குத்தகை நிலம் உழுத என் தந்தையிடம், "கெமிஸ்ட்ரி படிச்சா இன்னா வேலைங்க கெடைக்கும்?" என்று கேட்காத உறவினர் இல்லை. மருந்துக் கடை, சாயப் பட்டறை, வாத்தியார் வேலை என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். தந்தையோ, "ஆலையில கெமிஸ்ட்டு ஆவான்" என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்துவிட்டார். கள்ளக்குறிச்சிப் பக்கத்துச் சர்க்கரை ஆலையிலிருந்து நேர்காணலுக்கு அழைப்பும் வந்தது. அவர் சொல் நிற்பதும் விழுவதும் அன்று என் கையில்.

அம்மா, மாரியம்மைக்குச் சாத்திய ஈரம் காயாத மஞ்சள் காப்பை வாழையிலையில் பொதிந்து என் சட்டைப் பையில் வைத்தனுப்பினார். பேருந்து நெரிசலில் இலை கிழிந்து, வெள்ளைச் சட்டையின் நெஞ்சுப்பக்கம் மஞ்சளாயிற்று. இட ஒதுக்கீட்டுப் போராட்டக் காலம். வழியில் புளியமரத்தை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். பேருந்து நின்றுவிட, இறங்கி நடந்தேன். சாலையோரம் ஒரு பம்புசெட்டைக் கண்டதும், முகம் கழுவ வைத்திருந்த சோப்பை எடுத்து, சட்டையை நனைத்துத் தேய்த்துக்கொண்டே விரைந்தேன். (கண் சாலையில், கை சட்டையில், கல்வி எங்கிருந்ததோ!)

மரத்தருகே சென்றதும் முண்டாசு கட்டிய ஒருவர் அலறினார்.

"ஐயையோ! தம்பி நெஞ்செல்லாம் ரத்தம்யா! எவன்யா அடிச்சது?"

குனிந்து பார்த்தேன். செக்கச்செவேல். அப்படியே சாலையில் உட்கார்ந்துவிட்டேன்.

"எங்கப்பா வலிக்குது?"

"தெரியலைங்க." (உண்மை.)

"பேச்சே கொழறுது! மரத்த நவுத்துங்கடா!"

அதிகாரிகள் கெஞ்சியும் அசையாத மரம் எனக்காக அசைந்தது. அங்கே சிக்கி நின்ற கரும்பு டிராக்டரின் மேல் என்னைக் கிடத்தினார்கள். ஆலையில் மருத்துவர் உண்டாம். முண்டாசுக்காரர் தம் துண்டால் என் நெஞ்சை அழுத்தியபடியே உடன் வந்தார். அவர் கண்ணீர் என் நெற்றியில் விழுந்தது.

மருத்துவர் புரட்டிப் பார்த்து, "காயமே இல்லையே!" என்றார். எனக்கு மெய்சிலிர்த்தது. அம்மையே ஆற்றிவிட்டாள்! அந்தப் பரவசத்தோடும் அதே சட்டையோடும் நேர்காணலுக்குள் நுழைந்து, தலைமை வேதியியலாளரிடம் அற்புதத்தை விரித்துரைத்தேன். அவர் எழுந்து வந்து, நீர்த்த அமிலத்தில் ஒரு துளியைச் சட்டையில் விட்டார். சிவப்பு மஞ்சளாயிற்று.

"இது என்ன?"

"மஞ்சள், ஐயா. நிறங்காட்டி. காரத்தில் சிவக்கும்."

"சோப்பு?"

"...காரம், ஐயா."

"எத்தனை வருஷம் படிச்சீங்க?"

"மூணு வருஷம்."

"போயிட்டு வாங்க."

ஆலை வாயிலில் முண்டாசுக்காரர் காத்திருந்தார். நடந்ததைச் சொன்னேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"மஞ்சளுக்காய்யா அம்மாம் பெரிய மரத்த நவுத்தினோம்?"

பிறகு குரல் தாழ்ந்தது. "வேலை?"

"கெடைக்கலைங்க."

"போவுது வுடு. உசுரோட கீறியே, அது போதும். வூட்டுக்குப் போ."

வீட்டில் தந்தை முதலில் என் நெஞ்சைத் தடவிப் பார்த்தார். பிறகே வேலையைப் பற்றிக் கேட்டார். பின்னாளில் நான் வெள்ளிமலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியரானேன். இன்றும் வீட்டில் எவருக்கு முள் குத்தினாலும் என் மனைவி நிதானமாகக் கேட்பாள்: "இன்னா, மரத்த நவுத்தணுமா?"

இதைப் படிப்போர் அனைவரும் காயமின்றி வாழ்க. காயமென்று எண்ணி ஓடிவரும் கைகள் அவர்களுக்கு என்றும் குறையாதிருக்க அம்மை அருள்க.