நெடுவாலன் தன்னை அறிந்த கதை

ஒரு காட்டில், கைப்பேசிக் கோபுரத்தின் அருள் எட்டாத ஓர் இலவமரத்தில், கருமுகக் குரங்குக் கூட்டமொன்று வாழ்ந்துவந்தது. அதன் தலைவன் நெடுவாலன் என்னும் கடுவன். தலைவனுக்கு அங்கே ஒரே வேலைதான். உச்சிக்கிளையில் அமர்ந்திருக்க வேண்டும். சிறுத்தை தென்பட்டால் தொண்டை கிழியக் கத்த வேண்டும். கத்தினால் கூட்டம் மேலே ஏறிவிடும். அவ்வளவே ஆட்சி.

அண்மைக்காலமாக அந்த ஆட்சி ஆட்டங்கண்டிருந்தது. சுற்றுலா வந்த யாரோ விட்டுச்சென்ற மஞ்சள் மழைச்சட்டையைக் கண்டு நெடுவாலன் கத்த, கூட்டம் முழுவதும் பாதி மென்ற பழங்களைப் போட்டுவிட்டு அலறி ஏறியது. அடுத்து, ஒரு சாக்குமூட்டைக்கும் கத்தினான்.

"இன்னொரு தடவை சாக்கைப் பார்த்துக் கத்தினீங்கன்னா, நாங்க வேற ஆளைப் பார்த்துக்குவோம்" என்றாள் மின்னி. அவள் அவனுடைய மனைவி. ஆகையால் மற்றவர்களைவிடச் சற்று மென்மையாகச் சொன்னாள்.

பதவி பறிபோகுமோ என்று கலங்கிய நெடுவாலன், மூங்கில் தோப்பில் நடந்த 'மூளையறிவியலும் தலைமையும்' என்னும் பயிற்சிக்குச் சென்றான். பயிற்றுநர், உருள்விழியார் என்னும் ஆந்தை. கழுத்தைப் பின்புறம்வரை திருப்ப வல்லவர் ஆதலால், தம்மைத் தாமே முழுமையாக நோக்கியவர் என்று பெயர்பெற்றிருந்தார்.

"கத்துறது நீங்க இல்லைங்க, தலைவரே. உங்க மூளைக்குள்ள பாதாம்பருப்பு அளவுக்கு ஒண்ணு இருக்கு, அதுதான் கத்துது" என்றார் ஆந்தையார். "அது சொன்னதும் ஆடாதீங்க. மூச்சை இழுத்து விடுங்க. 'எனக்குள் அச்சம் எழுகிறது'ன்னு பேர் சொல்லுங்க. பேர் சொன்னா அடங்கிடும்."

"எது அடங்கும்? சிறுத்தையா?"

"அச்சம்ங்க. சிறுத்தை நம்ம பாடத்திட்டத்துல இல்லை."

நெடுவாலன் கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஊர் திரும்பினான். மறுநாள் காலையில், புதரை விலக்கிக்கொண்டு பொறியன் என்னும் சிறுத்தை வெளிப்பட்டான். நெடுவாலனின் வாய் தானாகத் திறந்தது. அவன் அதை இரு கைகளாலும் மூடினான். மூச்சை இழுத்தான், விட்டான்.

"எனக்குள் அச்சம் எழுகிறது" என்று அமைதியாக அறிவித்தான்.

கீழ்க்கிளையில் பேன் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தனர். "எதைப் பார்த்துங்க?" என்றாள் மின்னி.

"அவசரப்படாதே, மின்னி. என் மூளையில இருக்கிற பாதாம்பருப்பு, 'சிறுத்தை'ங்குது. அது பழைய மழைச்சட்டையோட நினைப்பாவும் இருக்கலாம். கொஞ்ச நேரம் அந்த அச்சத்தோட சும்மா உட்கார்ந்திருக்கணும்."

அதற்குள் பாதி மரம் ஏறிவிட்டிருந்த பொறியன், மரத்தைப் பற்றியபடியே நின்றான். "அண்ணே, அந்தப் பாதாம்பருப்பு எனக்கும் இருக்குமா?"

ஐயம் வினவுவோரை மதிப்பது தலைமைப் பண்பு என்று நெடுவாலன் படித்திருந்தான். "இருக்கும் தம்பி. இப்ப உனக்குள்ள என்ன தோணுது?"

பொறியன் கண்களை மூடி உள்நோக்கினான். "பசிண்ணே."

"நிஜமான பசியா? இல்லை, சின்ன வயசுல உன்னை யாரும் மதிக்காததால வந்த வெறுமையா?"

பொறியன் மறுபடியும் கண்களை மூடி உள்ளே தேடிப் பார்த்தான். "நிஜமான பசிதாண்ணே. உங்களைப் பார்த்தா இன்னும் கூடுது."

கூட்டம் கைதட்டியது. இத்துணைத் தெளிவாகத் தன்னை அறிந்த ஒருவரை அது கண்டதேயில்லை. நெடுவாலனுக்கோ தன் அச்சம் எதைப் பற்றியது என்பதே விளங்கவில்லை. பொறியன் குழப்பமற்றவன், குறிக்கோள் உடையவன், எதையும் ஒளிக்காதவன். அங்கேயே கைதூக்கி வாக்கெடுப்பு நடந்தது. இரண்டு கைகளையும் தூக்கிய இருவர் கிளையிலிருந்து விழுந்தனர். அவர்களுடைய வாக்குகளும் செல்லும் என்று அறிவிக்கப்பட்டது. பொறியன் தலைவனானான்.

"நீங்க தோத்ததுல எனக்கு வருத்தம்தான்" என்றாள் மின்னி. "ஆனா அவர் பேச்சுல ஒரு தெளிவு இருக்குங்க."

புதிய தலைவன் உச்சிக்கிளைக்கு வந்து, பழைய தலைவனின் தோளில் கனிவுடன் முன்னங்காலை வைத்தான். "அண்ணே, மனசுல என்ன இருக்கு? தயங்காம சொல்லுங்க."

நெடுவாலன் உள்நோக்கினான். "மேலாப்புல அச்சம். அதுக்குக் கீழே வருத்தம். அதுக்கும் கீழே, சொல்லவே கூச்சமா இருக்கு, கொஞ்சம் பொறாமை."

"மூணும் சரிண்ணே" என்றான் பொறியன், நெகிழ்ந்து. "நான் இப்ப உங்களைச் சாப்பிடப் போறேன். இது ஆத்திரத்துல எடுத்த முடிவு இல்லை. மூச்சை இழுத்து விட்டு, நிதானமா எடுத்தது."

அவ்விளக்கம் நெடுவாலனுக்கு நிறைவளித்தது. அவன் கத்தவில்லை.

அன்று மாலை, புதிய தலைவனின் தலைமையில் இரங்கல் கூட்டம் நடைபெற்றது. "கடைசிவரைக்கும் ஒரு சத்தம் போடலைங்க" என்று மின்னி பெருமிதத்துடன் கூறினாள். தலைவர் ஏப்பத்தை அடக்கிக்கொண்டு, ஆமெனத் தலையசைத்தார்.

நீதி: தன்னை முழுதும் அறிந்தவனை ஒருவரும் ஏமாற்ற இயலாது, அவனுடைய ஒப்புதலைப் பெற்றே உண்ண இயலும்.