மூணு கிண்ணப் படம்

இந்தப் பொங்கலுக்கு எங்கள் மொட்டை மாடியில் என்ன படம் ஓடும் என்பதை நான்தான் முடிவு செய்வேன். மார்கழி முதல் தேதி, பல் துலக்கிக்கொண்டே இப்படி ஒரு சபதம் எடுத்தேன். வாய் நிறைய நுரை இருந்ததால் மனைவி காதில் விழவில்லை. விழுந்திருந்தாலும் பயந்திருக்க மாட்டாள்.

என் பெயர் ராமதாஸ். சிறுசேரியில் கம்பெனி வண்டிகளுக்கு நேரம் போடுகிற வேலை. குடியிருப்பு கேளம்பாக்கத்தில், நாற்பத்தெட்டு வீடுகள் கொண்ட அடுக்குமாடி. வண்டி வேலை வயிற்றுக்கு. என் உயிர் மூச்சு விமர்சனம். நான்கு வருடமாக ஒவ்வொரு ஞாயிறும் ஒரு படமோ கார்ட்டூன் தொடரோ பார்த்து, எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் அலசி ஆராய்ந்து எழுதுகிறேன். எழுதி முடித்த அடுத்த நிமிடம் பத்துப் பேர் கைகூப்புவார்கள். நான்கு பேர் பூங்கொத்து அனுப்புவார்கள். அப்புறம் நான் சொன்னதற்கு நேர்மாறாகச் செய்வார்கள்.

இதுதான் எனக்குப் புரியாத மர்மம். பஞ்சாயத்துத் தேர்தலில் தோற்றவனின் மன உளைச்சலைப் பற்றி ஒரு படம் வந்தது. கதாநாயகன் முக்கால் மணி நேரம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருப்பான். 'காவியம்' என்று எழுதினேன். ஒரு வீட்டில்கூட யாரும் பார்க்கவில்லை. லாரி ஓட்டுகிற பேய் ஒன்று சுங்கச்சாவடியில் மாட்டிக்கொள்கிற படம் வந்தது. 'பேய்க்கு எதற்கு ஓட்டுநர் உரிமம்? தர்க்கமே இல்லை' என்று கிழித்தேன். மறுநாள் மாலை நாற்பத்தெட்டு வீட்டிலிருந்தும் அந்தப் பேயின் ஹாரன் சத்தம். ரோபோ மாமியாருக்கும் மூன்று மருமகள்களுக்கும் சண்டை நடக்கிற கார்ட்டூன் தொடரை 'நேர விரயம்' என்றேன். அடுத்த வாரம் லிஃப்டில் எல்லாரும் அந்த மாமியார் மாதிரியே பேசிக்கொண்டு வந்தார்கள்.

ஒருநாள் காலை கம்பெனி பேருந்துக்காக நிற்கும்போது எதிர்வீட்டுத் தாவீது வந்தான். என்னோடு ஒரே வண்டியில் வருகிறவன். உள்ளத்தில் உள்ளதை உடனே கொட்டிவிடுகிற ரகம்.

"மச்சான், நேத்து நீ பாத்த படம் ரெண்டரை கிண்ணமாமே?"

"இன்னாடா கிண்ணம்?"

அவன் முகம் சட்டென்று மாறியது. "ஒண்ணும் இல்ல மச்சான். வண்டி வருது பாரு."

"வண்டி வர இன்னும் ஏழு நிமிஷம் கீது. நேரம் போட்டவனே நான்தான். சொல்லு."

"சொன்னா ரெபேக்கா என்னை வூட்டாண்டயே சேக்க மாட்டா. உன் வூட்ல கேட்டுக்கோ."

அன்று வேலை ஓடவில்லை. கிண்ணம் என்றால் என்ன? சங்கேத மொழியா? சீட்டா? என் வீட்டைப் பற்றி எதிர்வீட்டுக்குத் தெரிந்து எனக்குத் தெரியாத சங்கதி எது? மத்தியானத்துக்குள் மூன்று வண்டிகளைத் தப்பான வாசலுக்கு அனுப்பிவிட்டேன்.

சாயங்காலம் பிரபாவிடம் கேட்டேன். பிரபா என் சொந்த மாமன் மகள். செய்யூர்ப் பக்கம் விவசாயக் குடும்பம். சின்ன வயதிலிருந்தே என்னை 'மாமா, நீ' என்றுதான் கூப்பிடுவாள். கல்யாணம் ஆகி பதினாறு வருடம் ஆகியும் அந்த 'நீ' அசையவில்லை.

"பிரபா, ரெண்டரை கிண்ணம்னா இன்னா?"

"அரிசியா, பருப்பா?"

"படம்."

"படத்த கிண்ணத்துலயா ஊத்துவாங்க? போய் கைய கழுவிகினு வா, தோச ஆறுது."

எந்தப் படத்தைப் பற்றிக் கேட்டாலும் இவள் சொல்லும் ஒரே விமர்சனம் 'பரவால்ல'. பதினாறு வருடத்தில் நான் அவளிடமிருந்து பிடுங்கிய மொத்தக் கருத்தும் அந்த ஒரு சொல்தான். அப்பாவி, சினிமா தெரியாது என்று நினைத்திருந்தேன்.

மர்மம் உடைந்தது அடுத்த சனிக்கிழமை காலை. நான் பால்கனியில் வேட்டி காயப் போட்டுக்கொண்டிருந்தேன். வேட்டிக்குப் பின்னால் நான் இருப்பது தெரியாமல் ரெபேக்காள் உள்ளே வந்தாள். தாவீதின் மனைவி. பொங்கலுக்குப் படம் தேர்ந்தெடுக்கும் பெண்கள் குழுவுக்கு அவள்தான் தலைவி.

"பிரபா, போன மாசம் அந்த மலையேற்றப் படம் அண்ணன் ஆகா ஓகோன்னு எழுதிகிறாரே. எத்தினி கிண்ணம்?"

"அரை கிண்ணம் கூட இல்ல. நாலு கடல துன்னாரு, கொட்டாவி வுட்டாரு, தலகாணிய இழுத்துகினாரு."

"அய்யய்யோ, அப்போ வாணாம். அந்த லாரிப் பேயி?"

"திட்டிகினே மூணு கிண்ணம் துன்னாரு! அவரு எழுதறத பாக்காத. அவரு வாய்க்கு பெரிய மனுசன் நெனப்பு. கைக்கு அதெல்லாம் தெரியாது. படம் நல்லா இருந்தா கை தானா கிண்ணத்துக்குப் போவும்."

ஈர வேட்டி முகத்தில் ஒட்டியபடி நின்றேன். செய்யூரிலிருந்து மாமனார் மூட்டை மூட்டையாக வேர்க்கடலை அனுப்புவார். ஞாயிறு மதியம் பிரபா அதை உப்புப் போட்டு அவித்து, ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் என் மடியில் வைப்பாள். தீரத் தீர நிரப்புவாள். அன்பு என்று நினைத்தேன். ஆராய்ச்சி! நாற்பத்தெட்டு வீடும் நான்கு வருடமாக என் எழுத்தை ஒதுக்கிவிட்டு, நான் தின்ற கடலையைப் படித்திருக்கிறது.

எனக்கு வந்த கோபத்துக்கு வேட்டியைக் கிழித்திருக்க வேண்டும். ஆனால் ரெபேக்காள் அடுத்துச் சொன்னது என்னை நிறுத்தியது.

"பொங்கலுக்கு ரெண்டு படம் போட்டில கீது. உப்பளத்துப் படம் ஒண்ணு. 'ஏட்டு நண்டு'ன்னு கார்ட்டூன் ஒண்ணு. ரெண்டும் இந்த பென் டிரைவ்ல கீது. அண்ணனுக்குப் போட்டுக் காட்டி கிண்ணத்த சொல்லு. எது ஜாஸ்தியோ அத்த போட்டுடலாம்."

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது. அந்த உப்பளத்துப் படம்தான் என் சபதமே! இரண்டே முக்கால் மணி நேரம். கதாநாயகன் மொத்தம் பதினோரு வார்த்தை பேசுவான், அதில் நாலு 'ம்'. இதற்குமுன் ஒரு தடவை அதைப் பார்த்து மனதால் உருகியிருந்தேன். கடைசி அரை மணி நேரம் தூங்கியபடி உருகினேன் என்பது வேறு விஷயம். பொங்கலன்று மொட்டை மாடியில் அது ஓடினால் நான் விமர்சகன். நண்டு ஓடினால் நான் கடலை தின்கிறவன். கிண்ணம் என் கையில்தானே இருக்கிறது, பார்த்துவிடலாம்.

அன்று மதியமே உப்பளத்துப் படம். முதல் வார்த்தை பேசுவதற்குள் முதல் கிண்ணத்தைக் காலி செய்தேன். இரண்டாவதில் தொண்டை வறண்டது. மூன்றாவதில் வயிறு கெஞ்சியது. நடுவில் ஒரு சொத்தைக் கடலை வேறு. ஓடிப்போய் வாஷ்பேசினில் துப்பி, வாயைக் கொப்புளித்துவிட்டு வந்து மீண்டும் தின்றேன். கலைக்காக மனிதன் எதைத்தான் தாங்க மாட்டான்!

"இன்னா மாமா, ரொம்ப புட்ச்சிருக்கா?"

"மூணு கிண்ணம்!" என்று ஏப்பத்தோடு சொன்னேன்.

ஞாயிறு மதியம் கார்ட்டூன். வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். கதை இதுதான். கடலுக்கடியில் ஒரு ஊர். அங்கே நண்டு ஒன்று ஏட்டு. திருடன் ஒரு கணவாய் மீன். திருடன் நேராக ஓடுவான், ஏட்டு பக்கவாட்டில் ஓடுவார். ஒவ்வொரு முறையும் திருடன் ஒரு தெருவில், ஏட்டு வேறு தெருவில். மேலதிகாரி திமிங்கிலம் திட்டுகிறது. வேலையே போகும் நிலைமை. நேராக நடக்கப் பழகி, பாவம், எட்டுக் காலும் சிக்கிக்கொண்டு விழுகிறார். நண்டு எப்படி இந்தத் திருடனைப் பிடிக்கப் போகிறது? என் கை தொடைக்கு அடியில் துடித்தது. நான் எழவில்லை.

எழுந்தது என் வயிறு. நேற்றைய மூன்று கிண்ணமும் ஒன்றாகக் கூடிப் புரட்சி செய்தன. குளியலறைக்கு ஓடினேன். உள்ளே இருந்தபடியே கேட்டேன். டமால் என்று ஒரு சத்தம். ஊரே கைதட்டுகிற சத்தம். பிரபா விழுந்து விழுந்து சிரிக்கிற சத்தம். வெளியே வந்தபோது திரை கறுப்பாக இருந்தது.

"நண்டு கணவாய புடிச்சிதா இல்லியா?"

"உனக்குதான் புடிக்காத படமாச்சே. ஒரு கடல கூட தொடல."

"விமர்சகனுக்கு முடிவு தெரியணும்."

"பென் டிரைவ் ரெபேக்கா கைல குடுத்தாச்சி. போவட்டும் வுடு."

மறுநாள் குழுவில் அறிவிப்பு வந்தது. பொங்கலன்று மாலை ஆறரை மணிக்கு மொட்டை மாடியில் 'ஏட்டு நண்டு'. நேராகச் சமையலறைக்குப் போனேன்.

"இது அநியாயம் பிரபா! நண்டுக்கு நான் ஒண்ணு கூட துன்னல. உப்பளத்துக்கு முழுசா மூணு கிண்ணம் துன்னேன்!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. பிரபா அடுப்பைத் தணித்துவிட்டுத் திரும்பினாள்.

"ஓ. கிண்ணக் கத உனக்குத் தெரியுமா? நெனச்சேன். படத்துல மனசு கீறவன் எத்தினி துன்னோம்னு எண்ண மாட்டான் மாமா. நீ எண்ணிகினே துன்ன. அதுவும் சொத்தய துப்புன பாரு, அப்பவே தெரிஞ்சிடுச்சி. நண்டுக்கு கை மேலயே ஏறி உக்காந்துகின, அதயும் பாத்தேன். லாரிப் பேயிக்கு நீ எத்தினி சொத்த முழுங்கின தெரியுமா?"

"நானா? சொத்தையா? அந்தக் கசப்பு தெரியாம எவனாவது துன்னுவானா?"

"நீ துன்னுவ."

"பந்தயம்! மாடியில அந்த நண்டு படம் ஓடும்போது என் மடியில கடலய வெய்யி. ஒரே ஒரு சொத்தய நான் தெரியாம முழுங்கினா, இனிமே விமர்சனம் எழுத மாட்டேன். எத்தினி கிண்ணம்னு நானே குழுவுல போட்டுடறேன்."

"முழுங்கலன்னா?"

"அடுத்த பொங்கலுக்கு உப்பளம்."

"சரி" என்றாள். அவ்வளவு சுலபமாக அவள் சரி சொன்ன எதிலும் நான் இதுவரை ஜெயித்ததில்லை. ஆனால் அப்போது அது நினைவுக்கு வரவில்லை. நினைவில் இருந்தது ஒன்றுதான். நண்டு பிடித்ததா, இல்லையா? அடுத்த ஒன்பது நாளும் இதே நினைப்பு. தாவீதிடம் கேட்டேன், 'பேஜாரு பண்ணாத மச்சான், வாயத் தொறந்தா செத்தேன்' என்றான். ஒரு நாள் கோவளம் மீன் ஏலத்துக்கே போய், கூடையில் இருந்த நிஜ நண்டு ஒன்று நடப்பதைக் கால் மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். இது எப்படி எவனையும் பிடிக்கும்?

பொங்கல் மாலை. கடல் காற்றில் வெள்ளைத் திரை படபடத்தது. நான் முதல் வரிசை. பிரபா கிண்ணத்தை மடியில் வைத்தாள். சுற்றிலும் பெண்கள் படை. நான் கையைக் கட்டிக்கொண்டேன். ஒவ்வொரு கடலையையும் மோந்து பார்த்துத் தின்பது, அல்லது தின்னாமலேயே இருப்பது. இரண்டில் ஒன்று.

படம் ஓடியது. ஏட்டு வழக்கம்போல் வேறு தெருவுக்குப் போனார். சிரிக்கக் கூடாது என்று இருந்தேன். திமிங்கிலம் ஏட்டின் தொப்பியைக் கழற்றியது. அடப்பாவி, ஒரு நல்ல மனுஷனை இப்படியா? கணவாய் ஊர்க் கஜானாவைத் தூக்கிக்கொண்டு ஓடியது. ஊரே துரத்தியது. கணவாய் இரண்டு பெரிய பாறைகளுக்கு நடுவில் உள்ள ஒடுங்கின இடுக்கில் புகுந்தது. துரத்தியவர்கள் எல்லாரும் நேராகப் பாய்ந்து, தோள் மாட்டி, வரிசையாகச் சிக்கிக்கொண்டார்கள். அதோ, ஓரமாக நிற்கிறார் நம் ஏட்டு. தொப்பி இல்லை. இடுக்கைப் பார்க்கிறார். தன் காலைப் பார்க்கிறார். அப்புறம் பக்கவாட்டில்… ஆமாம், பக்கவாட்டில்! அந்த நடை அந்த இடுக்குக்கென்றே செய்ததுபோல் சர்ரென்று உள்ளே போகிறது. டமால்!

"புட்ச்சிட்டான்யா!" என்று எழுந்து நின்று கத்தினேன். என் கண்ணில் தண்ணீர். தாவீதைக் கட்டிப் பிடித்தேன். தர்க்கம் இருக்கிறது, முழுக்க முழுக்கத் தர்க்கம் இருக்கிறது!

விளக்குப் போட்டார்கள். பெண்கள் யாரும் திரையைப் பார்க்கவில்லை. எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காலடியில் மலைபோல் கடலைத் தோல். கிண்ணம் துடைத்துவிட்ட மாதிரி காலி.

"துன்னேன்" என்று கௌரவமாக ஒப்புக்கொண்டேன். "துன்னதுக்கு ஒண்ணும் இல்ல. பந்தயம் சொத்தைக்குதான். கசப்பா ஒண்ணு கூட வாயில படல. நீ எத்தினி சொத்த போட்ட? ரெண்டா, மூணா?"

பிரபா சொம்புத் தண்ணீரை என் பக்கம் நகர்த்தினாள்.

"நல்லது ஒண்ணு கூட போடல மாமா. பத்து நாளா மூட்டயில இருந்து பொறுக்கி வெச்சேன். அத்தினியும் சொத்த."

அப்போதுதான் கசந்தது.