முன்னறிவு இல்லாதவர் தேவை

இதை நான் சரியாகச் சொல்வேனா என்று பயமாக இருக்கிறது. ஏழாம் வகுப்போடு நின்றவள் பல்கலைக்கழக விவகாரத்தை எழுதினால், யாருடைய பட்டத்தையாவது குறைத்து எழுதிவிடுவேன், பட்டக்காரர் கோபித்துக்கொள்வார். ஆகவே இதில் வருகிறவர்கள் எல்லோரும் மெத்தப் படித்தவர்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் தையல் கடையில் காஜா போடுகிறவள். என்னைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

என் மகளுக்கு ருஷ்ய மொழிப் பைத்தியம். ஒரு பழைய அகராதியையும் ரேடியோவையும் வைத்துக்கொண்டு தானாகவே கற்றுக்கொண்டாள். பி.ஏ. முடித்ததும், ருஷ்ய மொழியும் அடங்கிய ஸ்லாவிய மொழிகள் மற்றும் இலக்கியங்கள் துறையில் முதுகலை படிக்க மனுப் போட்டாள். அவளுக்கு வேறு எதுவும் வேண்டாம். அந்தப் படிப்போ, அந்த ஒரு துறையை விட்டால் வேறு எங்கேயும் இல்லை.

சில நாள் கழித்துத் துறையின் குமாஸ்தா வீட்டுக்கே வந்துவிட்டார். வந்தது மகளின் மனு ஒன்றுதானாம். தேர்வு என்றால் ஒருவரை எடுத்து ஒருவரைத் தள்ள வேண்டும். தள்ள ஆள் இல்லாவிட்டால் எடுக்கவும் முடியாது, துறையையே மூடிவிடுவார்கள் என்றார். சொல்லிவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அக்கா, நீங்க ஒரு மனு போடுங்க."

"நான் ஏழாவதுங்க சார்."

"அதனாலதான் கேக்கறேன். எடுத்த பிறகுதான் தகுதி பார்ப்போம். உங்களைத்தான் எடுக்கப்போறதில்லையே."

தள்ளப்படுவதற்கு என்னைவிடப் பொருத்தமானவள் கிடைக்கமாட்டாள் என்று எனக்கே தோன்றியது. கையெழுத்துப் போட்டேன்.

நேர்முகத் தேர்வில் மூன்று பேர் இருந்தார்கள்: துறைத் தலைவர், ஒல்லியான ஒரு பேராசிரியர், மண் ஆராய்ச்சித் துறையிலிருந்து வந்த வெளி நிபுணர். மகள் முதலில் போனாள். கேட்டதற்கெல்லாம் ருஷ்ய மொழியிலேயே பதில் சொன்னாளாம்; ஒரு நாவலைப் பற்றித் தலைவர் சொன்னதைத் திருத்தவும் செய்தாளாம். எல்லாம் தெரிந்துகொண்டு வந்தால் எங்களுக்கு இங்கே என்ன வேலை தாயே என்று தலைவர் வருத்தத்தோடு கேட்டாராம்.

அடுத்து நான். ஸ்லாவிய இலக்கியத்தில் என்ன தெரியும் என்றார் தலைவர்.

"ஒண்ணும் தெரியாதுங்க."

"ஒண்ணுமேவா?" நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சத்தியமாங்க."

மொழி தெரிந்தால் அது குறுக்கே வந்து இலக்கியத்தை மறைக்கும், தெரியாமல் வாசிப்பதுதான் இன்று பெரிய பெரிய இடங்களில் நடைமுறை என்று அவர் மற்றவர்களுக்கு விளக்கினார். மண் நிபுணர் என்னை உழாத நிலம் என்று பாராட்டினார். பின் ஏன் மனுப் போட்டேன் என்று கேட்டதற்கு, என் பெண்ணுக்கு இடம் கிடைக்கத்தான் என்று உள்ளதைச் சொன்னேன். 'அடுத்த தலைமுறையின்பால் அக்கறை உடையவர்' என்று குறித்துக்கொண்டார்கள்.

இடம் எனக்குக் கிடைத்தது.

மகள் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். நான் குமாஸ்தாவிடம் ஓடி, என் தகுதியைப் பாருங்கள் என்று கெஞ்சினேன். குழு தேர்ந்தெடுத்தவரின் தகுதியைப் பார்ப்பது குழுவையே சந்தேகப்படுவதாகும் என்றார். விலகிக்கொள்கிறேன் என்றேன். நான் விலகினால் மாணவர் தொகை பூஜ்யம், துறை மூடப்படும், அப்புறம் அடுத்த வருடம் என் மகள் எங்கே மனுப் போடுவாள் என்று கேட்டார். நியாயமாகத்தான் பட்டது. சேர்ந்துவிட்டேன்.

வகுப்பில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். அதற்கு 'ஆழ்ந்த வாசிப்பு' என்று பெயராம். வீட்டுப்பாடத்தை மகள்தான் எழுதினாள். அம்மாமேல் எவ்வளவு கோபம் இருந்தாலும் புத்தகத்தின்மேல் அவளால் கோபப்பட முடியவில்லை. நான் காஜா போடப் போட, அவள் உரக்க வாசித்து அர்த்தம் சொல்லிக்கொண்டே இருப்பாள்.

மறு வருடம் மனுக்கள் குவிந்தன. ஒன்றும் தெரியாதவர்களுக்கு உலகத்தில் பஞ்சமா? போட்டி கடுமையானதால் 'முன்னறிவு இன்மைச் சோதனை' என்று ஒன்றைப் புகுத்தினார்கள். ஒல்லிப் பேராசிரியர் ருஷ்ய மொழியில் ஒரு வேடிக்கையான பகுதியை வாசிப்பார். சிரிக்காதவர் தேர்ச்சி பெற்றவர். குழுவில் மாணவர் பிரதிநிதி ஒருவர் இருக்க வேண்டும். துறையில் இருந்த மாணவர் நான் ஒருத்திதான். மனுப் போட்டவர்களில் என் மகளும் உண்டே என்றேன். அன்று மாலை ஐந்து மணி வரை எங்கள் உறவு நிறுத்திவைக்கப்படுவதாகத் தீர்மானம் போட்டார்கள்.

அவளுக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. ஒருவர் இரண்டு முறைதான் மனுப் போடலாம் என்பது துறையின் விதி. எதைக் கேட்டாலும் தெரியாது என்று சொல், முகத்தைச் சுவர் மாதிரி வைத்துக்கொள் என்று காலையிலிருந்து படித்துப் படித்துச் சொன்னேன். போன வருடத்து முகம் குழுவில் யாருக்கும் ஞாபகம் இல்லை. பெண்ணும் நன்றாகவே செய்தாள். ருஷ்யா எந்தப் பக்கம் என்று கேட்டதற்குக் கூரையைக் காட்டினாள். மண் நிபுணர் பூரித்துப்போனார்.

பிறகு வாசிப்பு தொடங்கியது. மகள் முதலில் தரையைப் பார்த்தாள். அப்புறம் உதட்டைக் கடித்தாள். ஒல்லிப் பேராசிரியர் பக்கத்தைத் திருப்புவதற்குள் தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டாள்.

வேறு யாரும் சிரிக்கவில்லை. தலைவர் என் பக்கம் திரும்பினார்.

"இதுல சிரிக்க என்னம்மா இருக்கு? உங்களுக்கு ஏதாவது புரிஞ்சுதா?"

புரிந்தது. அதுதான் வினை. ஒரு வருடம் காதில் விழுந்ததெல்லாம் எப்படியோ உள்ளே தங்கிவிட்டிருக்கிறது. சிரிப்பு அடிவயிற்றிலிருந்து கிளம்பித் தொண்டைவரை வந்து முட்டியது. மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். தெரிந்துகொண்டே தெரியாதவள்போல் துறையை ஏமாற்றினேன் என்று கேஸ் போட்டால் நான் எங்கே போவேன்?

"ஒண்ணும் புரியலைங்க" என்றேன்.

'முன்னறிவு உடையவர், நிராகரிக்கலாம்' என்று எழுதி மூவரும் கையெழுத்துப் போட்டார்கள். அதன் கீழே நானும் போட்டேன். மணி நாலரைதான் ஆகியிருந்தது. சட்டப்படி அவள் அப்போது என் மகள் இல்லை.

அந்தப் பகுதியில் அப்படி என்ன வேடிக்கை என்று என்னிடம் யாரும் கேட்காதீர்கள். எனக்கு இன்னும் ஒரு வருடம் படிப்பு பாக்கி இருக்கிறது.