ஏரி முழுக்கக் கேட்ட ரகசியம்

ரகசியத்தைக் காப்பாற்றியே தீருவேன் என்று துடிக்கிறவன்தான் முதலில் உளறுவான். நானே அந்த ரகம்தான்.

என் மகனுக்கு இணையப் பாதுகாப்பில் வேலை. போனில் வரும் பூட்டுப் படத்தைப் பற்றி ஒருநாள் கேட்டேன். "ரெண்டு கம்ப்யூட்டர் பேசுறதுக்கு முன்னாடி, எதிர்ல இருக்கறது சரியான ஆளுதானான்னு பார்த்துக்கும் நைனா. அப்புறம் தங்களுக்குள்ள ஒரு சாவி வெச்சிக்கும். நடுவுல எவன் கேட்டாலும் ஒண்ணும் புரியாது. ஆனா அந்தச் சாவி வெளிய போவக்கூடாது" என்றான். (இதை எண்பதுகளில் யாராவது சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா?)

அப்போது ஏரிக்கரை மீனவர் ஊரான கோட்டைக்குப்பத்தில் இருந்தோம். ஏரிக்கு அக்கரையில் இருந்த செல்வியைக் கட்டினால் கல்யாணம், இல்லையென்றால் சாமியார் என்றிருந்தேன். என் நைனா பெண் கேட்கக் கிளம்பினார். படகு ஓட்டியவன் என் சிநேகிதன் மாரி. பெண் வீட்டில் முடியாது என்றுவிட்டால் குப்பத்தில் தலைகாட்ட முடியாது. அதனால் மாரியோடு மட்டும் ஓர் ஏற்பாடு: திரும்பும்போது பதிலுக்கு ஏற்ற நிறத்தில் பாய்மரத்தில் துணி கட்ட வேண்டும். இரண்டு துணியையும் கையில் கொடுத்திருந்தேன்.

படகு நகர்ந்ததும் சந்தேகம் வந்துவிட்டது. மாரி மறதிக்காரன். முழங்கால் தண்ணீரில் ஓடிக் கத்தினேன்: "மாரி, சரின்னா சிவப்பு, இல்லன்னா வெள்ளை! யார்கிட்டயும் சொல்லாத!"

தண்ணீர் மேல் குரல் எவ்வளவு தூரம் போகும் என்று எனக்குத் தெரியாததா? இறால் பட்டதா என்று படகுக்குப் படகு அப்படித்தானே கேட்டுக்கொள்வோம். வலை காயவைத்துக்கொண்டிருந்த மொத்தக் குப்பமும் நிமிர்ந்து பார்த்தது.

சாயங்காலம் சிவப்புத் துணியோடு படகு வந்தது. பெண்கள் குலவை போட்டார்கள். ஆனால் முதலில் இறங்கியவர் செல்வியின் அப்பா. அக்கரையில் நைனாவிடம் "யோசிச்சு சொல்றேன்" என்றுவிட்டு, எங்கள் வீட்டை ஒரு பார்வை பார்க்க வந்திருந்தார். அவர் கையில் சோடாவைத் திணித்து, "வாங்க சம்மந்தி" என்றது கூட்டம்.

"இன்னாய்யா இது?" என்றார் நைனாவிடம். நைனா என்னைப் பார்த்தார். நான் மாரியைப் பார்த்தேன். மாரி வானத்தைப் பார்த்தான். அவர் திரும்பிப் படகேறினால் என் கதை முடிந்தது.

பெரியவர் சோடாவைக் குடித்து முடித்தார். "இத்தினி பேர் முன்னாடி இன்னாத்த சொல்றது. நடத்துங்க."

போன உயிர் திரும்பி வந்தது. அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டேன்.

தவறான துணியைக் கட்டிய மாரியின் மறதியைக் கல்யாணத்துக்குப் பிறகு கும்பிட்டபோதுதான் செல்வி வாயைத் திறந்தாள். "மாரிண்ணன் கட்டல, நான்தான் கட்டுனேன். படகு எங்க கரையில நின்னப்போ, துணி எதுக்குண்ணான்னு ஒரு வாட்டி கேட்டேன், எல்லாத்தையும் சொல்லிடுச்சு."

இந்தக் கதை மகனுக்கு அல்வா. வீட்டுக்கு யார் வந்தாலும், "போலிச் சேதியில பொறந்தவன் நான்" என்று ஆரம்பித்துவிடுவான்.

நண்டு கழுவிக்கொண்டே செல்வி ஒவ்வொரு முறையும் அதையே சொல்வாள்: "இன்னாடா போலி? சம்மதம் சொல்ல வேண்டியவ நானு. நான்தானே சொன்னேன்."